கொழும்பில் காவல் வேலையும் குடியிருக்க அறையும்: புதிதாக வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து 19 வயதில் கொழும்புக்கு வந்து செக்கியூரிட்டி வேலையில் சேர்ந்தவன். இப்போது வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓ.ஐ.சி.யாக, அதாவது காவலர்களுக்குப் பொறுப்பானவனாக, இருக்கிறேன். மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் தம்பிமார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைத் தேட வேண்டுமா, அறையைத் தேட வேண்டுமா?

இரண்டையும் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். பெரும்பாலானோர் சம்பளத்தை மட்டும் விசாரித்து வேலையை ஒப்புக்கொண்டு, பிறகு கிடைத்த இடத்தில் அறை எடுக்கிறார்கள். இந்தத் தொழிலில் 12 மணித்தியால ஷிப்ட் வழக்கமானது. காலை 6 மணிக்குப் பொறுப்பேற்பவர் மாலை 6 மணிக்கு அடுத்த ஷிப்டைப் பொறுப்பேற்கும் ரிலீவர் வந்த பிறகுதான் புறப்பட முடியும். ரிலீவர் தாமதித்தால் அதற்கும் மேல் ஆகும். போய்வரப் பாதையில் மூன்று மணித்தியாலம் கழிந்தால், சமைக்கவும் குளிக்கவும் உறங்கவும் மிஞ்சுவது ஒன்பது மணித்தியாலமே. ஆகவே எந்த சைட்டில், அதாவது எந்த இடத்துக் காவலுக்கு, நிறுத்தப் போகிறார்கள், அது எவ்வளவு காலத்துக்கு, அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் உங்களால் கட்டக்கூடிய வாடகைக்கு அறை கிடைக்கும் என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் சம்மதம் சொல்ல வேண்டும். வத்தளையில் அறைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் சற்றுக் குறைந்த சம்பளம், வத்தளையில் அறையை வைத்துக்கொண்டு தெஹிவளைக்கு வந்துபோகும் கூடிய சம்பளத்தைவிட மாத முடிவில் கையில் அதிகம் மிச்சம் வைப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கம்பனிகள் ஆட்களை சைட் மாற்றுவது சாதாரணம் என்பதையும் மறக்கக் கூடாது. நேர்முகத்தின்போதே, மாற்றினால் எந்தப் பகுதிக்குள் மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கம்பனியே இலவசமாகத் தங்குமிடம் தருவதாகச் சொல்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

வந்த புதிதில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஏற்றுக்கொள்ளலாம். முற்பணம் கொடுக்கக் கையில் காசில்லாத ஒருவருக்கு அது பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள். வேலையும் படுக்கையும் ஒருவர் கையில் இருந்தால், அவரோடு ஒரு வார்த்தை மாறினால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் முதலில் சேர்ந்த கம்பனி, ஒரு வீட்டின் பின்கட்டில் எங்களில் பதினொரு பேருக்கு ஏழு கட்டில்கள் போட்டுத் தந்திருந்தது. பகல் ஷிப்ட்காரர் எழும்பிய கட்டிலில் இரவு ஷிப்ட்காரர் படுப்பார். தலையணை உறை ஒருபோதும் காய்ந்திருந்ததில்லை. மூன்றாவது மாதம் என் மேலதிக நேரக் கணக்கில் 40 மணித்தியாலங்களுக்கு மேல் குறைந்திருந்தது. அதை நான் அமைதியாகத்தான் கேட்டேன். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது என் பெட்டி கதவுக்கு வெளியே இருந்தது. அறைத் திறப்பை வாங்கிக்கொண்டார்கள். கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர், கடை அடைத்த பிறகு அரிசி மூட்டைகளுக்கு இடையில் பாய் போட்டுப் படுக்க விட்டார். அந்த இரண்டு இரவுகளில் நான் எடுத்த முடிவுதான், சம்பளம் தருகிறவரிடம் இனி அறை வாங்குவதில்லை என்பது.

கம்பனித் தங்குமிடத்தில் இருக்கும்போதே மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி முற்பணத்துக்குச் சேருங்கள். அங்கே இருப்பவர்களை நேரம் பார்க்காமல் அழைப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். இரவு 11 மணிக்கு எங்கோ ஒருவர் வராவிட்டால், முதலில் தட்டப்படுவது தங்குமிடத்தில் தூங்குகிறவரின் தோள்தான்.

"எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரு தொகை சொல்கிறார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். "எல்லாம் சேர்த்து" என்ற தொகைக்குள் அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, வருகைக் கொடுப்பனவு, சில இடங்களில் சாப்பாட்டுக் காசுகூட அடங்கியிருக்கும். இதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, தனியார் துறை ஊழியரின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயாகவும் உயர்த்தியிருக்கிறது. காவல் சேவைக்கென்று தனியான சம்பளச் சபையும் உண்டு. ஆகவே எவரும் இந்த எல்லைக்குக் கீழே அடிப்படைச் சம்பளத்தை வைத்துவிட்டு மீதியைக் கொடுப்பனவு என்று காட்ட முடியாது.

அடிப்படைச் சம்பளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) கணக்கிடப்படும்போது மேலதிக நேரக் கொடுப்பனவு சேர்க்கப்படுவதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். கழிவுகளுக்கு முன் உங்கள் மொத்தச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்றும் அதில் அடிப்படை 30,000, மீதி மேலதிக நேரம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமாக 2,400 ரூபாய் பிடிக்கப்படும். கம்பனி தன் பங்காக 12 வீதம், அதாவது 3,600 ரூபாய் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம், அதாவது 900 ரூபாய், முழுவதும் கம்பனியின் காசிலிருந்து போக வேண்டும். கம்பனியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம்.

மேலதிக நேரத்துக்கு மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு தர வேண்டும். நாங்கள் பே சீட் என்று சொல்லும் சம்பளச் சிட்டையில், எத்தனை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தொகையாக "ஓ.டி." என்று மட்டும் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள். உங்களிடம் ஒரு சிறிய கொப்பி இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஏறிய நேரம், இறங்கிய நேரம், சைட்டின் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். சைட்டில் இருக்கும் பதிவுப் புத்தகம் கம்பனியுடையது. சண்டை வரும் நாளில் அது உங்கள் கைக்குக் கிடைக்காது.

சீருடைக்கும் சப்பாத்துக்கும் சம்பளத்தில் பிடிக்கிறார்களே?

அனுமதிக்கப்பட்ட கழிவுகளையும் ஊழியரின் சம்மதத்தோடுதான் பிடிக்கலாம். எவ்வளவு, எத்தனை தவணை என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். வேலையை விட்டுப் போகும்போது சீருடையை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

கம்பனி நம்பகமானதா என்று எப்படி அறிவது?

1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின்படி, இத்தகைய நிறுவனங்கள் பாதுகாப்பு அமைச்சிடம் அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்க வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்பது முதற்படி. அதைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு. அந்தக் கம்பனியின் சீருடையோடு எந்தக் கட்டட வாசலிலாவது நிற்கும் ஒருவரிடம் போய், போன மாதச் சம்பளம் எந்தத் திகதியில் வந்தது என்று கேளுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் வந்தாக வேண்டும். அவர் பதில் சொல்ல யோசித்தாலே உங்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

ஈ.பி.எப். உண்மையில் கட்டப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிட்டையில் பிடித்ததாகக் காட்டுவது ஒன்று, நிதியத்தில் போய்ச் சேர்வது வேறொன்று. உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் கம்பனியின் இலக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிதியத்தின் கணக்குகளை மத்திய வங்கி வைத்திருக்கிறது. அங்கே அடையாள அட்டையோடு போய் உங்கள் மீதியை அறியலாம். அடையாள அட்டை இலக்கம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். காவல் வேலையில் இருப்பவர்கள் கம்பனி மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் அங்கத்துவ இலக்கம் உருவாகிவிடுகிறது. ஓர் எழுத்துப் பிழையால் இரண்டு வருடக் காசு தனியே கிடந்து, அது தன்னுடையது என்று நிரூபிக்க அலைந்த ஒருவர் இப்போது என்னோடு வேலை செய்கிறார்.

கட்டவில்லை என்றால், நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் செயலகத்திலோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ முறையிடுங்கள். தாமதித்துக் கட்டும் நிறுவனத்திடம் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் அறவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. "சிங்களத்தில் எழுதி வா" என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்து, ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொழும்பில் எந்தப் பகுதியில் அறை தேடுவது நல்லது?

சைட் எங்கே என்பதைப் பொறுத்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் வேலை என்றால், அங்கேயே தனியறை எடுப்பது எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் ஓடுவதாலும் கரையோரப் புகையிரதப் பாதை பக்கத்திலேயே இருப்பதாலும், தெஹிவளை, இரத்மலானைப் பக்கம் இருவராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்து, புகையிரதத்துக்கு சீசன் டிக்கெட் வைத்துக்கொள்வது பலருக்கும் சரிவருகிறது. கோட்டை, புறக்கோட்டை, துறைமுகப் பக்கம் வேலை என்றால் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, ஆற்றைக் கடந்தால் வத்தளை ஆகியவற்றைப் பார்க்கலாம். அங்கே தமிழில் பேசி அறை எடுக்க முடியும். கடைச் சாப்பாடும் எங்கள் வாய்க்குப் பழகியது. காலையில் வேலை முடிந்து வருகிறவருக்கு நடந்துபோகும் தூரத்தில் கோயிலும் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தைச் சிலர் சிறிதாக நினைப்பார்கள். தனியே இருக்கும் 20 வயதுப் பிள்ளைக்கு அது சிறிதல்ல.

வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வாடகை குறைவாகத் தெரியும். எடுக்கும் முன், 2016 மே மாத வெள்ளத்தில் இந்தச் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே கையை வைத்துக் காட்டுவார்கள். களனி ஆறு பெருகும்போது நீங்கள் டியூட்டியில் இருப்பீர்கள். உங்கள் சான்றிதழ்ப் பெட்டியைத் தூக்கி மேலே வைக்க அறையில் ஆள் இருக்காது.

இரவு ஷிப்ட் செய்கிறேன். அறை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பகல் உறக்கத்தை. எல்லோரும் மாலையில் போய் அறை பார்க்கிறார்கள். அப்போது எந்த அறையும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் முற்பகல் 11 மணிக்குப் போங்கள். கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, நிலத்தில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். மேலே அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். சுவரில் கையை வைத்துப் பாருங்கள். முற்பகலிலேயே சூடாக இருக்கும் சுவர் மாலைவரை ஆறாது. பக்கத்தில் தகரப் பட்டறை, மரம் அரியும் இடம், டியூஷன் வகுப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் வரும், குளியலறையை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். காலை ஏழு மணிக்கு நீங்கள் வந்து சேரும்போது அந்த வீட்டில் எல்லோரும் குளியலறை வாசலில் நிற்பார்கள்.

உறக்கம் கெட்டவர் இந்த வேலையில் நிலைக்க முடியாது. அதிகாலை இரண்டரை மணிக்கு, வாகனத் தரிப்பிடத்தில் ஒவ்வொரு தூணாக டோர்ச் அடித்துக்கொண்டு போய், பம்ப் அறையின் சத்தம் மாறியிருக்கிறதா என்று நின்று கேட்டு, மேல் தொட்டி நிரம்பி வழியும் நீர் சுவரில் இறங்குகிறதா என்று பார்த்து, வந்து புத்தகத்தில் நேரம் போட்டு எழுத வேண்டும். நான் பொறுப்பாக இருக்கும் கட்டடத்தில், பம்ப் அறையிலிருந்து வந்த எரிந்த வயரின் மணத்தை முதலில் பிடித்தவர் அன்று பகல் ஏழு மணித்தியாலம் உறங்கி வந்திருந்த ஒரு தம்பி. இரட்டை ஷிப்ட் செய்து 24 மணித்தியாலம் நின்ற ஒருவரால் அது முடிந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இரட்டை ஷிப்ட் செய்தால் வேகமாகக் காசு சேர்க்கலாம் அல்லவா?

சேர்க்கலாம். முற்பணத்துக்காக ஒரு மாதத்தில் நான்கைந்து முறை செய்வது வேறு; அதையே வாழ்க்கையாக்கிக்கொள்வது வேறு. தொடர்ந்து செய்தவர்களில் பலருக்கு முப்பது வயதுக்குள் கால் நரம்பு புடைத்து, வயிற்றுப்புண் வந்து, சேர்த்ததை மருந்துக்குக் கொடுத்ததைப் பார்த்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

முற்பணம், வாடகை ஒப்பந்தம் விஷயத்தில் என்ன கவனம் தேவை?

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். ஓர் அறைக்காக நொத்தாரிசிடம் போகிறவர்கள் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆறு மாத, ஒரு வருட முற்பணம் கேட்டால் கட்டாயம் போங்கள், செலவு பார்க்காதீர்கள். மாத வாடகை அறையென்றால், முற்பணத்தை வங்கிக் கணக்கின் மூலம் கொடுத்து, அது திருப்பித் தர வேண்டிய காசு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் யார், எந்த விகிதத்தில் கட்டுவது, சமைக்கலாமா, இரவு இரண்டு மணிக்கு வந்தால் கேட் திறப்பு கிடைக்குமா என்பவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். சமைக்க விடாத அறை மலிவான அறை அல்ல. மூன்று வேளையும் சோற்றுப் பார்சலுக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் வாடகை வித்தியாசம் காணாமற் போய்விடும்.

வீட்டுக்காரர் பொலிஸில் பதிய வேண்டும் என்கிறார். பயப்பட வேண்டுமா?

பொலிஸார் குடியிருப்போர் விவரப் படிவம் கேட்பது இப்போதும் உண்டு. எங்களுடைய மூத்தவர்கள் இதைக் கேட்டால் முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நினைவு இன்னும் பலரிடம் இருக்கிறது. இன்று நீங்கள் செய்ய வேண்டியது, அடையாள அட்டைப் பிரதி, ஊர்க் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், கம்பனியின் வேலைக் கடிதம் ஆகிய மூன்றையும் அறையில் ஆயத்தமாக வைத்திருப்பதே. கொடுத்த படிவத்தின் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்களம் தெரியாது. வேலை கிடைக்குமா?

தமிழர்கள் அதிகமாக இருக்கும் குடியிருப்புகளில் கிடைக்கும். ஆனால் விசிட்டிங் ஒபிசர் வந்து பார்க்கும் பதிவுப் புத்தகம் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஜே.எஸ்.ஓ. (இளநிலைக் காவலர்) நிலையிலிருந்து எஸ்.எஸ்.ஓ. (முதுநிலைக் காவலர்), ஓ.ஐ.சி. என்று மேலே போக, பேச மட்டுமல்ல, எழுதவும் தெரிய வேண்டும். நான் பழைய பக்கங்களில் மற்றவர்கள் எழுதிய வசனங்களை என் கொப்பியில் பார்த்தெழுதிப் பழகினேன். இரவு வேலையில் தினமும் அரை மணித்தியாலம் இதற்குக் கிடைக்கும்.

திருமணம் செய்து மனைவியைக் கொழும்புக்கு அழைத்து வரலாமா? சொந்த வீடு பற்றி நினைக்கலாமா?

ஒருவர் சம்பளத்தில் வாடகை கட்டிக் குடும்பம் நடத்துவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இருவரும் வேலை செய்தால் வத்தளை, மட்டக்குளிப் பக்கம் ஒரு சிறு அனெக்ஸ் எடுத்துச் சமாளிக்கிறார்கள். பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை போய்வருகிறார்கள். பிள்ளைகள் வளரும் காலத்தில் அது மிகவும் வலிக்கும் ஏற்பாடு.

சொந்த வீட்டைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் ஈ.பி.எப். பற்றித்தான் மறுபடியும் பேசுவேன். பத்து வருடம் பங்களித்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் வைத்திருப்பவர், வீட்டுத் தேவைக்கு அல்லது மருத்துவத்துக்கு அதில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்னரே எடுக்கலாம். கணக்கின் மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் பெறும் வழியும் உண்டு. கொழும்பில் காணி வாங்க அது போதாது. ஊரில் அம்மாவின் வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட அது போதுமானதாக இருந்தது என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

கம்பனி மாறலாமா? மாறும்போது என்ன செய்ய வேண்டும்?

காரணம் இருந்தால் மாறுங்கள். ஆனால் நான்கரை வருடம் முடித்தவர் ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். நியாயமின்றி நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

விலகல் கடிதத்தை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான திகதியும் முத்திரையும் வாங்குங்கள். சேவைச் சான்றிதழைக் கேளுங்கள். புதிய சைட்டுக்கு இப்போதைய அறையிலிருந்து ஒருமுறை, நீங்கள் உண்மையில் புறப்பட வேண்டிய அந்த அதிகாலை நேரத்திலேயே பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடிதத்தைக் கொடுங்கள்.